மெலிவுக்கு வலிவு தந்தவர்

இசையில் தாழ்ந்த நிலையை மெலிவு என்றும், நடுநிலையைச் சமன் என்றும், உயர்ந்த நிலையை வலிவு என்றும் நம் முன்னோர் வகுத்தனர். மேனாட்டு இசைக்குழுவில் மெலிவைத் தாங்கி நிற்பது டபுள் பாஸ் என்னும் பெருங்கருவி. உயரத்தில் ஆளை விஞ்சியது. இன்றைய கருவியின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. 20க்குக் கீழே போனால் மனிதச் செவிக்கு எட்டாது. அவையோர் கண்களோ முன்வரிசை வயலின்காரர் மீதே இருக்கும். பின்னால் நிற்பவரை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பின்வரிசையிலிருந்தே ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றவர் என்பதால்தான் டொமெனிக்கோ டிராகனெட்டியின் வரலாறு எனக்குப் பிடித்திருக்கிறது.

இவர் 1763-ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். பெரும்பாலும் தாமாகவே பயின்றவர். பதின்மூன்று வயதிலேயே நாடக இசைக்குழுவில் இடம்பெற்று, 1787-இல் புனித மாற்கு தேவாலயத்தின் இசைக்குழுவில் சேர்ந்தார். வெளிநாட்டு அழைப்புகள் வந்தபோது தேவாலயத்தார் சம்பளத்தை உயர்த்தி அவரை நிறுத்திக்கொண்டனர். விசென்சா நகரத்து மடம் ஒன்றிலிருந்து கிடைத்த பழங்கருவியே அவர் வாழ்நாள் துணை. கஸ்பாரோ த சாலோ என்ற 16-ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் செய்தது, மூன்றே தந்திகள்.

1794-இல் விடுப்புப் பெற்று இலண்டன் சென்றவர், அங்கேயே நிலைத்துவிட்டார். அரசர் அரங்கில் செல்லோ வாசித்த ராபர்ட் லிண்ட்லியும் இவரும் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே இசைத்தாங்கியைப் பகிர்ந்துகொண்டனர். லிண்ட்லிக்குத் திக்குவாய், டிராகனெட்டியோ இத்தாலியத்தையும் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவார். இருவரும் எப்படித்தான் உரையாடினார்களோ! வாசிப்பில் மட்டும் இடறியதில்லை.

இவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது 1799-ஆம் ஆண்டு. வியன்னாவில் இளைஞர் பீத்தோவனைச் சந்தித்தார். செல்லோவுக்கென்று பீத்தோவன் எழுதியிருந்த ஒரு சொனாட்டாவை டிராகனெட்டி டபுள் பாஸிலேயே வாசித்தார், பியானோவில் பீத்தோவன். வாசித்து முடிந்ததும் பீத்தோவன் எழுந்து, மனிதரையும் கருவியையும் சேர்த்தே கட்டித் தழுவினார் என்பார்கள். இதன் அருமையை உணர ஒன்றை எண்ணிப் பாருங்கள். தடித்த நரம்புத் தந்தி சட்டென்று ஒலி தராது. வில்லை அழுத்த வேண்டும். சுரத்துக்குச் சுரம் விரல் நெடுந்தூரம் தாவ வேண்டும். செல்லோவில் ஓடுவதை இங்கே மலையேறிச் செய்ய வேண்டும்.

அக்காலத்தில் செல்லோ வாசிப்பதையே டபுள் பாஸும் ஒரு ஸ்தாயி கீழே பின்பற்றிச் செல்வதே பொது வழக்கம். பீத்தோவனோ 1808-இல் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இவ்விரண்டையும் முன்னே விட்டு விரைந்தோட வைத்தார். 1824-இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் மனிதக் குரல் நுழையுமுன் இவையே பாடகரைப் போலப் பேசுகின்றன. எல்லாம் அந்த 1799-ஆம் ஆண்டுச் சந்திப்பின் விளைவே என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆயினும் ஒரு கருவியால் எது முடியும் என்பதைக் கண்ணெதிரே கண்டவர், பிறகு அதை மறந்து எழுதியிருப்பாரா?

டிராகனெட்டி திருமணம் செய்துகொள்ளவில்லை. பொம்மைகளும் மூக்குப்பொடி டப்பிகளும் சேர்ப்பதில் தணியாத ஆசை. ஊதியத்தில் கறாரானவர், பின்வரிசைக்காரர் என்று குறைத்துக் கொடுத்தால் ஏற்கமாட்டார். இதைப் பேராசை என்பாரும் உண்டு. எனக்கோ அது நியாயமாகவே படுகிறது.

1845-இல் பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை திறந்தார்கள். அவ்விழாவில் ஐந்தாம் சிம்பொனி ஒலித்தபோது பதின்மூன்று டபுள் பாஸ்களுக்குத் தலைமை தாங்கியவர் எண்பத்திரண்டு வயது டிராகனெட்டி. மறு ஆண்டு ஏப்ரல் மாதம் இலண்டனில் காலமானார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அயலூரில் தம்முடன் இருந்த அந்த மூன்று தந்திக் கருவியை, வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு தேவாலயத்துக்கே உயில் எழுதி வைத்திருந்தார்.