நாதஸ்வரத்தின் சுருதியையே இறக்கிய ராஜரத்தினம் பிள்ளை: பழைய நாயனத்துக்கு இன்றும் ஏன் இவ்வளவு மவுசு?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி கருட சேவைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெருமாள் கண்ணில் படுவதற்கு முன்பே நாயனச் சத்தம் காதில் விழுந்துவிடும். கல்யாணப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் வருகிற குடும்பங்களும் புடவை வேலை முடிந்த கையோடு மேளத்துக்கு யாரைச் சொல்வது என்றுதான் பேச ஆரம்பிப்பார்கள்.

இன்று நாம் கேட்கிற நாதஸ்வரத்தின் அந்தக் கனமான குரல் ஆதியில் இருந்தே இருந்தது இல்லை. அது அப்படி மாறியதற்கு முக்கியக் காரணம் ஒருவர்: திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1956-ல் மறைந்தவர். பைக், போன் எல்லாம் பழசானால் விலை இறங்கிவிடும். நல்ல நாயனம் மட்டும் பழசானாலும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. அது ஏன் என்பதற்கான பதிலில் பாதி இவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

யார் இந்த ராஜரத்தினம் பிள்ளை?

1898 ஆகஸ்ட் 27-ல் நாகப்பட்டினம் பக்கம் திருமருகலில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான், அவரிடம்தான் வளர்ந்தார். ஆனால் முதலில் கற்றது நாயனம் இல்லை. பாட்டும் வயலினும்தான். பின்னாளில் அவர் ஊதியதைக் கேட்டவர்கள், நாயனம் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டதற்கு இந்த அஸ்திவாரம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

அவர் கைக்கு வந்த கருவியின் பெயர் திமிரி. குட்டையான நாயனம். நாலு கட்டை, அதற்கும் மேல் சுருதி. கட்டை என்றால் புரியாதவர்களுக்கு: ஹார்மோனியத்தில் ஸா வைக்கிற வெள்ளைக் கட்டையை எண்ணுவதுதான் கணக்கு. எண் ஏற ஏற குரல் கீச்சென்று மேலே போகும். திமிரி தெருவுக்காகப் பிறந்த வாத்தியம். நாலு மாட வீதியும் கேட்க வேண்டும், மைக் கிடையாது, அதனால் அந்தச் சத்தம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு ராகத்தை எடுத்து ஒரு மணி நேரம் நிதானமாக விரிக்க நினைப்பவருக்கு அது ஒத்துழைக்காது. கேட்கிறவர்களுக்கும் காது வலிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய நாயனங்களில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் தானாகச் சரியான இடத்தில் நிற்காது. ஊதுகிறவர் மூச்சையும் உதட்டையும் வைத்து அதை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் புகழ் கொடுத்த ராகம் தோடி. அந்தத் தோடியில் வருவது இதே சுத்த மத்யமம்தான். அவருக்கு அது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆச்சாரி கொடுத்த தீர்வு

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது நரசிங்கம்பேட்டை. தலைமுறை தலைமுறையாக நாயனம் கடைகிற ஆச்சாரிகளின் ஊர். அங்கே இருந்த ரங்கநாதன் ஆச்சாரியும் ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து எடுத்த முயற்சியில் வந்ததுதான் பாரி நாயனம். சுமார் இரண்டரை அடி நீளம். குழல் நீண்டால் உள்ளே அதிர்கிற காற்றுத் தூணும் நீளும், சுருதி இறங்கும். நாலு, நாலரையில் இருந்தது இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு வந்தது. துளைகளின் இடமும் மாறியது. சுத்த மத்யமம் அடங்கி நின்றது.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நீளமான குழல் என்றால் துளைக்கும் துளைக்கும் இடைவெளி அதிகம், விரல் விரிய வேண்டும். மூச்சும் கூடுதலாக வேண்டும். இத்தனை வருடம் பழகிய கையை மாற்றிக்கொள்ள எல்லா வித்வான்களும் தயாராக இருக்க மாட்டார்கள். இவர் மாற்றிக்கொண்டார். அவர் வாசித்ததைக் கேட்ட பிறகு மற்றவர்களும் மாறினார்கள். இன்று திமிரி அரிது, எங்கும் பாரிதான்.

பழைய மரத்தின் ரகசியம்

நாயனத்தின் உடம்புக்கு உலவு என்று பெயர். அதைக் கடைவது ஆச்சா மரத்தில். புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் இருக்கும், காயும்போது வளையும், வெடிக்கும். அதனால் ஆச்சாரிகள் தேடிப் போவது பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூண், உத்தரம் மாதிரியான ஆச்சா மரங்களை. பல பத்து வருடங்கள் வீட்டுக் கூரையைத் தாங்கி, உள்ளுக்குள் முழுக்கக் காய்ந்த மரம். அதாவது புது நாயனம் என்று நாம் வாங்குவதே ஒரு வகையில் பழசுதான். இப்போது அந்த மாதிரி வீடுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. நன்றாகக் கடைந்த ஒரு பழைய உலவு விற்பனைக்கு வந்தால் வித்வான்கள் விடாததற்கு இதுதான் காரணம்.

உலகத்தில் மற்ற வாத்தியங்களுக்கும் இந்தக் கதை உண்டு. பாஸ் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பாஸ் என்ற மின்சார பாஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1965-ல் அவருடைய கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்தைய கிட்டார்களுக்கு சேகரிப்பாளர்கள் இன்றும் தனி விலை கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே பெயின்ட் மாற்றியிருந்தாலோ, உள்ளே இருக்கிற பிக்கப் ஒரிஜினல் இல்லை என்றாலோ விலை சரிந்துவிடும். நாயனத்தில் அப்படி இல்லை. அடியில் புனல் மாதிரி இருக்கிற அணைசைக் கழற்றி மாற்றலாம். மேலே சொருகுகிற கெண்டையை மாற்றலாம். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி எப்படியும் அடிக்கடி மாற்ற வேண்டியதுதான், அது நாணல் வகைப் புல்லில் செய்வது. உலவை மட்டும் மாற்ற முடியாது. மாற்றினால் அது வேறு நாயனம்.

ஆகவே செகண்ட் ஹேண்டில் நாயனம் பார்க்கப் போகிற காஞ்சிபுரம் தம்பிகள், பணம் கொடுக்கும் முன் உலவைத்தான் சோதிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால் விரிசல் இருக்கிறதா என்று தெரியும். விரல் பட்டுப் பட்டு துளையின் ஓரம் தேய்ந்து அகன்றிருந்தால் ஸ்வரம் நகர்ந்திருக்கும். உங்களுக்குப் பழகிய சீவாளியையே கொண்டுபோய், சுருதிப் பெட்டி போட்டு இரண்டு ஸ்தாயியும் ஊதிப் பாருங்கள், சுத்த மத்யமத்தில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். கீழ்ப்பக்கத் துளைகளில் மெழுகு இருந்தால் குறை என்று பயப்பட வேண்டாம். சுருதியைச் சரிசெய்ய மெழுகு வைப்பது வழக்கம்தான். தங்கம், வெள்ளிப் பூண் போட்டிருந்தால் அதற்கு நகைக்கடை விலை தனி, நாதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வாங்கிய பிறகு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை: வாசித்து முடித்ததும் உள்ளே இருக்கிற ஈரத்தைத் துணியால் துடைப்பது, வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பது.

நின்றவர் உட்கார்ந்த கதை

சுருதி ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய சண்டை ஒன்றும் அவருக்கு இருந்தது.

அதே காலத்தில் காஞ்சிபுரம் நயினா பிள்ளை (1889–1934) என்ற பெரிய பாடகர் இருந்தார். புகழ்பெற்ற தனகோடி அம்மாளின் குடும்பத்தில் வந்தவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியப் படையையே மேடையில் உட்கார வைத்து ஃபுல் பெஞ்ச் கச்சேரி செய்தவர். பாடகருக்கு மேடை உண்டு, ஜமக்காளம் உண்டு. நாயனக்காரருக்கு? சட்டை போடாமல், சாமிக்கு முன்னாலோ மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாலோ நின்றும் நடந்தும் ஊத வேண்டும். கலை ஒன்றுதான், மரியாதை வேறு.

ராஜரத்தினம் பிள்ளை இதை ஏற்கவில்லை. கிராப் வெட்டிக்கொண்டார். சட்டை, கோட்டு போட்டுக்கொண்டார். பாடகர்களைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். சுருதிக்கு ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். திமிரியோடு தம்புரா எடுபடாது, பாரியோடு எடுபடும். சுருதியை இறக்கியதும் அந்தஸ்தை ஏற்றியதும் அவர் விஷயத்தில் ஒரே வேலைதான். திமிர் பிடித்தவர் என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. அந்தத் திமிர் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு உட்கார இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இசைத்தட்டு, வானொலி, 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கதாநாயகன் என்று எல்லா இடத்திலும் இருந்தார். 1947 ஆகஸ்ட்டில் செங்கோலோடு டெல்லிக்குத் திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழுவில் நாயனம் வாசித்தவரும் இவரே. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டத்துக்கு ஏற்ற மாதிரியே ராஜ வாழ்க்கை வாழ்ந்தார், வந்த பணம் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானபோது வயது 58. கையில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கடைசி நாட்களில் உதவியவர்களில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் ஒருவர்.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் அதே பாணியைத் தொடர்ந்தார். 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடுகிற நாயனம் அவருடையது, இன்றும் யூடியூபில் கேட்கலாம். 1964-ல் அவரும் போய்விட்டார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய ஆச்சா மரத்தைத் தேடி ஆச்சாரிகள் அங்கே இன்னமும் அலைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.