மெதுவாய் நடந்தோரைக் கவனித்த மருத்துவர்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1825-ஆம் ஆண்டு பிறந்தார் ழான் மார்த்தன் சார்க்கோ. மருத்துவம் கற்றுத் தேறிய அவர், 1862-இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். முற்காலத்தில் வெடிமருந்துக் கிடங்காயிருந்த அவ்விடத்தில், அந்நாளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் தங்கியிருந்தனர். அவர்களுள் பலர் முதியோர், தீராத நோயுற்றோர்.

சார்க்கோ அவர்களை நடக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் பொறுமையுடன் உற்றுநோக்கினார். ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்திருந்த நடுக்குவாதத்தை ஆராய்ந்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நோயாளிகளுள் சிலருக்குக் கை நடுங்கவேயில்லை. உடல் வலுவும் பெரிதும் குன்றவில்லை. ஆயினும் எழுந்திருக்கவும் நடக்கவும் நெடுநேரம் பிடித்தது. அசைவின் மந்தமே தனியொரு நோய்க்குறி என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். 1893-இல் காலமானார்.

மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் இம்மந்தம் வருகிறதென்று இன்று நாம் அறிவோம். அசைவை எளிதாக்கும் மருந்துகளும் உண்டு. திருத்தந்தையாயிருந்த புனித இரண்டாம் யோவான் பவுலும் இந்நோயைப் பொறுமையுடன் தாங்கியவரே.

நம் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ பொத்தானிடவும் உண்ணவும் முன்னிலும் அதிக நேரம் எடுத்தால், ஒரு கையை வீசாமல் நடந்தால், கையெழுத்துச் சிறுத்துப்போனால், சோம்பல் என்றோ முதுமை என்றோ ஒதுக்கிவிடாதிருப்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவர்களை அவசரப்படுத்தாமல் உடன் நடப்போம்.