பெண்களின் உயிர் காத்த கிரேக்க டாக்டர்

1913-ம் ஆண்டு அக்டோபர் மாதம். நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. கிரேக்க நாட்டில் இருந்து பிழைப்புத் தேடி வந்த கூட்டத்தோடு, 30 வயது இளைஞர் ஒருவரும் அவருடைய மனைவியும் இறங்கினார்கள். கையில் இருந்த பணம் 250 டாலர். உற்றார் உறவினர் இல்லாத ஊர். பழக்கமில்லாத பாஷை.

டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களுக்கு அந்த இருவரின் மனநிலை நன்றாகப் புரியும்.

அந்த இளைஞரின் பெயர் ஜார்ஜ் பாப்பனிகோலா. மனைவியின் பெயர் மேரி. பிற்காலத்தில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இருந்து காப்பாற்றிய சோதனையைக் கண்டுபிடித்தவர் இவர்தான். அவருடைய பெயரின் முதல் பாதியை வைத்தே அதைப் பாப் சோதனை என்று அழைக்கிறார்கள்.

இன்று அந்த நோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டது. புதிய சோதனைகளும் வந்துவிட்டன. உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெண், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கூச்சத்தையும் அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்கிறார்கள். பாப்பனிகோலாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

டாக்டரின் மகன்

கிரேக்க நாட்டின் யூபியா தீவில் கீமி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1883-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி பாப்பனிகோலா பிறந்தார். தந்தை ஊரில் பெயர் பெற்ற டாக்டர். மகனும் தன்னைப் போல் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மகன் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து 1904-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பணம் சேர்ப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. ஆராய்ச்சியிலேயே மனம் சென்றது. ஜெர்மனிக்குப் போய் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 1910-ம் ஆண்டு இன்னொரு பட்டமும் வாங்கினார். அதே ஆண்டில் மேரியை மணந்தார்.

பால்கன் யுத்தம் மூண்டபோது ராணுவத்தில் டாக்டராகப் பணி புரிந்தார். யுத்தம் முடிந்ததும், ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம் அமெரிக்காதான் என்று முடிவு செய்து கப்பல் ஏறினார்.

கம்பளம் விற்ற டாக்டர்

இரண்டு பட்டங்கள் இருந்தும் உடனே வேலை கிடைக்கவில்லை. பெரிய கடை ஒன்றில் கம்பளம் விற்கும் வேலைக்குப் போனார். அதே கடையில் மேரி வாரம் 5 டாலர் கூலிக்குப் பொத்தான் தைத்தார். கம்பள வேலை ஒரு நாளோடு சரி. பிறகு உணவு விடுதிகளில் வயலின் வாசித்தார். கிரேக்க மொழிப் பத்திரிகை ஒன்றில் குமாஸ்தாவாகவும் இருந்தார். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல் காலம் தள்ளுவது எப்படிப்பட்டது என்று வெளியூரில் பிழைக்கும் நமக்குச் சொல்லத் தேவையில்லை.

1914-ம் ஆண்டு விடிவு பிறந்தது. நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு இலாகாவில் இடம் கிடைத்தது. மேரியும் அங்கேயே அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அன்று தொடங்கிய இருவரின் கூட்டு உழைப்பு சுமார் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

கண்ணாடித் தகட்டில் கண்ட உண்மை

கினிப் பன்றி என்ற சிறு பிராணியை வைத்து அவர் ஆராய்ச்சி செய்தார். பெண் பிராணியின் சினைமுட்டை எந்த நாளில் முதிர்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு பிராணியையும் கொன்று பார்க்க வேண்டியிருந்தது. கொல்லாமல் அறிய வழி உண்டா என்று யோசித்தார். மூக்கைப் பரிசோதிக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வந்து, பிராணியின் பிறப்பு உறுப்பில் இருந்து துளி கசிவை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய உலகமே அதில் தெரிந்தது! உள்தோலில் இருந்து உதிரும் செல்களின் உருவம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. 1917-ம் ஆண்டு பேராசிரியர் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

பெண்களிடமும் இப்படி மாறுதல் இருக்குமா? சோதித்துப் பார்க்க யார் முன்வருவார்கள்? மேரி முன்வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தன்னையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். கணவரின் புகழில் சரிபாதி இந்த அம்மையாருக்கு உரியது என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களிடம் இருந்தும் கசிவை எடுத்துப் பார்த்தார். அவர்களில் ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருந்தது. அவளுடைய தகட்டில் உருமாறிய செல்கள் பளிச்சென்று தெரிந்தன. உடம்பை அறுக்காமலே புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பது புலனாயிற்று.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை

1928-ம் ஆண்டு ஜனவரி மாதம், மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு மாநாட்டில் இந்த உண்மையை அவர் அறிவித்தார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ருமேனியா நாட்டு டாக்டர் பாபெஷ் என்பவரும் இதே உண்மையைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். ஆனால் அமெரிக்க டாக்டர்கள் பாப்பனிகோலாவின் பேச்சை மதிக்கவில்லை. கர்ப்பப்பை வாயில் சிறிது சதையை வெட்டிப் பார்க்கும் வழிதான் இருக்கிறதே, உதிர்ந்த செல்லைப் பார்ப்பானேன் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நோய் முற்றி, ரத்தப்போக்கு கண்டு வருகிற பெண்ணுக்கு அவர்கள் சொன்ன வழி சரிதான். ஆனால் நோயின் அறிகுறியே இல்லாத பெண்ணை யார் வெட்டிப் பார்ப்பார்கள்? அங்கேதான் பாப்பனிகோலாவின் முறைக்கு அவசியம் இருந்தது. இதை மற்றவர்கள் உணரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அவர் மனம் தளரவில்லை. 1939-ம் ஆண்டு டாக்டர் ஹெர்பர்ட் டிராட் என்ற பெண்நோய் நிபுணருடன் சேர்ந்து, ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் சேரும் எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்தார். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிடம்கூட ஆரம்ப நிலை நோய் பிடிபட்டது. 1941-ம் ஆண்டு கட்டுரையும், 1943-ம் ஆண்டு புத்தகமும் வெளிவந்தன. அதன் பிறகுதான் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது.

1950-ம் ஆண்டு அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் அது கிடைக்கவில்லை. 1961-ம் ஆண்டு கடைசியில் மியாமி நகரில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மூன்றே மாதங்களில், 1962-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. கிரேக்க அரசு பின்னர் 10 ஆயிரம் டிராக்மா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டு மரியாதை செய்தது.

நோய் தரும் அவகாசம்

அவருடைய சோதனை எதனால் பலன் தந்தது? இந்தப் புற்றுநோய் ஒரே நாளில் வருவது அல்ல. முதலில் செல்கள் சற்று உருமாறுகின்றன. அவை புற்றுநோயாக முற்ற, பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால், உருமாறிய பகுதியை மட்டும் உறைய வைத்தோ, சுட்டோ அகற்றிவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. வலியும் ரத்தப்போக்கும் வந்த பிறகு போனால் அந்த அவகாசம் கைநழுவிவிடும்.

நோயின் மூலகாரணம் பாப்பனிகோலாவுக்குத் தெரியாது. 1983-ம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹௌசன், இந்தப் புற்றுநோய்க் கட்டியில் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியின் 16-ம் ரகம் இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு 18-ம் ரகத்தைக் கண்டார். இந்த இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 70 பேருக்கு இந்தப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. 2008-ம் ஆண்டு சுர் ஹௌசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2006-ம் ஆண்டு தடுப்பூசி வந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் அதைப் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021-ம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் தயாரான ஊசிக்கு 2022-ம் ஆண்டு அனுமதி கிடைத்தது.

அப்படியானால் சோதனை எதற்கு?

ஊசி முழுப் பலன் தருவது சிறுமிகளுக்குத்தான். கிருமி ஏற்கனவே தொற்றியிருந்தால் ஊசி அதை விரட்டாது. இன்று 30, 40, 50 வயதில் இருக்கும் நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் அல்ல. எல்லா ரகக் கிருமிகளையும் ஊசி தடுப்பதும் இல்லை. ஆகவே ஊசி போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. கர்ப்பப்பை வாயில் காடி நீரைத் தடவினால், உருமாறிய இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்துச் சிகிச்சை கொடுத்ததில், சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று.

நாம் தினமும் மின்சார ரயிலில் கடந்து போகும் பரேலில் டாடா நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியினர் 1998-ம் ஆண்டு முதல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு இதே காடி ஆய்வை நடத்தினார்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாவது வரை படித்து, பயிற்சி பெற்ற பெண்களே! இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்ததில் சாவு 31 சதவீதம் குறைந்தது.

நமது மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் கிருமியையே கண்டறியும் சோதனையை ஒரு தடவை செய்தார்கள். சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2009-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதே இடத்தில் பாப் சோதனையை ஒரு தடவை செய்ததில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. பாப் சோதனையைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தகட்டைப் படிக்கத் தேர்ந்த கண்களும் வேண்டும். இதனால்தான் பல நாடுகள் இப்போது கிருமிச் சோதனைக்கு மாறி வருகின்றன. பாப்பனிகோலாவின் கண்ணாடித் தகடு மெல்ல ஓய்வு பெறலாம். நோய் முற்றுமுன் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்கு ஓய்வு கிடையாது.

அதற்காக எல்லோரும் ஆண்டுதோறும் ஓட வேண்டியதில்லை. இளம் வயதில் இந்தக் கிருமி தொற்றினாலும், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். அப்போது சோதித்தால் வீண் கவலையும் தேவையற்ற சிகிச்சையும்தான் மிஞ்சும். உலக சுகாதார நிறுவனம் 35 வயதுக்குள் ஒரு தடவையும், 45 வயதுக்குள் மறுபடியும் கிருமிச் சோதனை செய்யச் சொல்கிறது. மத்திய அரசு 2016-ம் ஆண்டு வகுத்த முறைப்படி, 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை காடி சோதனை செய்ய வேண்டும். சோதனையில் ஏதாவது தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கண்டால் மட்டும் எந்தச் சோதனைக்கும் முறை பார்த்துக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நம் நாட்டில் 2022-ம் ஆண்டு மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் கண்டது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆனால் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒரு தடவையாவது சோதித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை என்று 2019-21-ம் ஆண்டு குடும்பநல ஆய்வு கூறுகிறது. சோதனையால் பலன் உண்டா என்று விவாதிக்கும் நிலைக்கே நாம் இன்னும் வரவில்லை.

நம் வீட்டுப் பெண்கள் தங்கள் உடம்பைக் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். கணவனுக்கு டிபன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஊருக்கு மணியார்டர் என்று நாள் ஓடிவிடும். ஆகவே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மேரி அம்மையார் இருபது ஆண்டுகள் கூச்சம் பாராமல் கொடுத்த ஒத்துழைப்பால் பிறந்த சோதனை இது. ஆண்டில் எத்தனையோ காரணங்களுக்கு லீவு போடுகிறோம். அதில் அரை நாளை ஒதுக்கி, மனைவியையோ அக்காவையோ பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.