காது கேளாதோரின் ஆசான் கிரகாம் பெல்

திருவள்ளுவப் பெருந்தகை கேள்வியின் சிறப்பை உரைப்பதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தாயின் தாலாட்டும், தந்தையின் அழைப்பும், ஆசிரியரின் பாடமும் செவி வழியாகவே நம் உள்ளத்தை அடைகின்றன. அவ்வாயில் பிறவியிலேயே அடைபட்டிருந்தால் அக்குழந்தையின் நிலை யாது? பேச்சைக் கேளாத பிள்ளை தானாகப் பேசக் கற்பதில்லை. அதனால் அப்பிள்ளைக்கு அறிவும் இல்லையென்று எண்ணி உலகம் நெடுங்காலம் அதனை ஒதுக்கி வைத்தது. அவ்வெண்ணம் தவறென்று காட்டத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டோருள் ஒருவரின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், வேறொரு காரணத்திற்காகவே அவரை அறிந்திருக்கிறோம். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லே அவர்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவர்தம் பாட்டனாரும் தந்தையாரும் திருத்தமாகப் பேசும் கலையைக் கற்பித்து வந்தவர்கள். அத்தகைய குடும்பத்தில் தாயாரின் செவித்திறன் மட்டும் பெரிதும் குன்றியிருந்தது. அவருடன் பேசுவோர் ஒரு குழலை அவர் காதில் வைத்து உரக்கக் கத்துவர். சிறுவன் பெல்லோ தாயின் நெற்றியருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவான். குரலின் அதிர்வால் தாய் அதனை உணர்ந்துகொள்வார். விரல்களால் எழுத்துகளைக் காட்டும் முறையையும் அவன் கற்றான். வீட்டில் மற்றவர்கள் உரையாடும்போது தாயின் அருகில் அமர்ந்து, அவர்கள் பேசுவதைத் தன் விரல்களால் அவருக்கு உணர்த்துவான். காது கேளாதோர்க்கு அறிவு குறைவில்லை என்பதை அவன் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. தன் தாயிடமே கண்டறிந்தான்.

அவர்தம் தந்தையார் ஒரு புதிய எழுத்து முறையை வகுத்து 1867ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஓர் ஒலியை எழுப்பும்போது நாவும் இதழும் தொண்டையும் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை அவ்வெழுத்துகள் படம்போல் காட்டின. செவியால் கேட்க இயலாத ஒலியைக் கண்ணால் கண்டு பழக அம்முறை உதவியது. இளைஞர் பெல் 1868ஆம் ஆண்டு இலண்டனில் காது கேளாச் சிறுவர்க்கு அம்முறையில் பேச்சுப் பயிற்சி அளித்தார்.

அக்காலத்தில் எலும்புருக்கி நோய் அவர்தம் தம்பியையும் தமையனையும் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. எஞ்சிய ஒரே மகனையாவது காக்க வேண்டுமென்று பெற்றோர் 1870ஆம் ஆண்டு கனடா நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, அங்குள்ள காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

அங்கு அவரிடம் பயின்றோருள் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவனும் ஒருவன். அவன் பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவன். பெல் ஒரு கையுறையில் எழுத்துகளைப் பொறித்து அவன் கையில் அணிவித்தார். எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுச் சொற்களை அமைத்துக் காட்ட, அச்சிறுவன் மொழியின் பயனை அறியத் தொடங்கினான். மகனின் வளர்ச்சியைக் கண்டு மகிழ்ந்த தந்தை, பின்னாளில் பெல்லின் ஆராய்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்தார்.

மேபல் ஹப்பார்டு என்னும் பெண்ணும் பெல்லிடம் பயின்றார். ஐந்து வயதில் கடுங்காய்ச்சலால் செவிப்புலனை இழந்தவர் அவர். கற்ற பேச்சை மகள் மறந்துவிடலாகாது என்று பெற்றோர் உறுதி பூண்டு, ஓயாது அவருடன் பேசி, இதழசைவைக் கண்டு பொருள் உணரப் பழக்கினர். மகளுக்காக முயன்ற தந்தை மற்றக் குழந்தைகளையும் மறக்கவில்லை. 1867ஆம் ஆண்டு நார்த்தாம்டன் நகரில் காது கேளாதோர்க்கு ஒரு பள்ளி தோன்ற அவர் துணை நின்றார். அம்மேபலையே 1877ஆம் ஆண்டு பெல் மணந்துகொண்டார்.

தொலைபேசி பிறந்த கதையிலும் செவிக்கு இடமுண்டு. ஒலியின் வடிவத்தைத் தம் மாணவர்க்குக் கண்ணால் காட்ட விரும்பிய பெல், 1874ஆம் ஆண்டு இறந்த மனிதர் ஒருவரின் காதைக் கொண்டு ஆராய்ந்தார். மெல்லிய செவிப்பறை ஒலியால் அதிர்ந்து, தன்னினும் கனமான எலும்புகளை அசைப்பதைக் கண்டு வியந்தார். அவ்வாறே ஒரு தகடு அதிர்ந்து மின்னோட்டத்தை அசைக்கலாகாதா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உருப்பெற்றது. 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள், உதவியாளர் வாட்சனை அவர் அழைத்த குரல் கம்பி வழியே அடுத்த அறையில் தெளிவாகக் கேட்டது.

புகழும் செல்வமும் வந்தபின்னும் பெல் தம்மைக் காது கேளாதோரின் ஆசிரியராகவே கருதினார். கேட்கும் திறனை அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். 1880ஆம் ஆண்டு பிரான்சு நாடு தமக்கு அளித்த 50,000 பிராங்க் பரிசைக் கொண்டு ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார். அதிலிருந்து கிடைத்த பொருளைக் காது கேளாதோர் நலனுக்கென ஒதுக்கினார். 1886ஆம் ஆண்டு, கண்ணும் காதும் இழந்த ஆறு வயதுச் சிறுமியான ஹெலன் கெல்லரை அவர்தம் தந்தை பெல்லிடம் அழைத்து வந்தார். பெல் காட்டிய வழியாலேயே ஆன் சல்லிவன் என்னும் நல்லாசிரியை அச்சிறுமிக்கு வாய்த்தார். பிற்காலத்தில் ஹெலன் கெல்லர் தம் வாழ்க்கை வரலாற்று நூலைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

ஆயினும், பெரியோரிடத்தும் பிழை நேர்வதுண்டு. காது கேளாதோர் அனைவரும் வாயால் பேசியே ஆக வேண்டும் என்றும், பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்றும் பெல் வற்புறுத்தினார். காது கேளாதோர் ஒருவரையொருவர் மணப்பதை ஏற்காமல் 1883ஆம் ஆண்டு ஒரு கட்டுரையும் படித்தார். அக்கட்டுரைக்கு முன்னரே, 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடும் சைகை மொழியை விலக்கித் தீர்மானித்திருந்தது. இவற்றின் விளைவாகப் பல நாடுகளில் குழந்தைகளின் கைகள் அடக்கப்பட்டன. பேச்சு கைகூடாத பிள்ளைகள் சைகையையும் இழந்து, எந்த மொழியும் இன்றி வாடினர். தாயிடம் விரல்களால் பேசிய மகனே கைகளின் மொழியை மறுத்தது வருந்தத்தக்கது. 2010ஆம் ஆண்டு வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாடு, மிலான் தீர்மானங்களுக்காக வருத்தம் தெரிவித்தது.

பெல் 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் கனடாவில் மறைந்தார். அவரை அடக்கம் செய்தபோது வட அமெரிக்கத் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் ஒலியடங்கி அஞ்சலி செலுத்தின.

ஒலியை மின்சாரமாக மாற்றும் அவர்தம் வழியை அறிவியல் பின்னர் செவிக்குள்ளேயே கொண்டு சென்றது. செவித்திறன் குன்றிய தந்தையின் மகனாகப் பிறந்த கிரேம் கிளார்க் என்னும் மருத்துவர், 1978ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒருவருக்குப் பல மின்முனைகள் கொண்ட உட்செவிக் கருவியைப் பொருத்தினார். காக்ளியர் கருவி என்று அழைக்கப்படும் அது, வெளியே ஒலியை வாங்கி, மின்குறிப்புகளாக மாற்றி, நத்தை வடிவான உட்செவியின் வழியே நரம்பிற்கு நேராக அனுப்புகிறது. ஆனால், கருவியைப் பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடாது. முன்பு கேட்டறியாத ஒலிகளுக்குப் பொருள் காண அக்குழந்தை பல்லாண்டு பழக வேண்டும். இளவயதில் தொடங்குதல் சிறந்த பயன் தரும். கருவியைக் கழற்றினால் மீண்டும் அமைதியே சூழும். ஆகவே சைகையும் அப்பிள்ளைக்குத் துணையாகலாம்.

பெற்றோர்களே! அழைத்தால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று கடியாதீர்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டா; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மொழி வேரூன்றும் பருவம் இளம்பருவமே. நம் நாட்டிலும் பினாங்கில் 1954ஆம் ஆண்டிலேயே காது கேளாச் சிறுவர்க்குப் பள்ளி தோன்றியது. பால்மரத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் அக்கல்வி உரியதே.

மாணவமணிகளே! உங்களிடையே காதில் கருவி அணிந்த தோழனோ தோழியோ இருப்பின் எள்ளாதீர்கள். முகம் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயின் நெற்றியருகே குனிந்து பேசிய சிறுவன் பெல்லிடம் நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே. வாயாலோ கையாலோ கருவியாலோ, எவ்வழியில் இயலுமோ அவ்வழியில் அருகிற் சென்று பேசுவோம். எக்குழந்தையும் மொழியின்றித் தனித்து நிற்கலாகாது.