சமையலறை தந்த கொடை

நோய் செய்யும் நுண்ணுயிர்களைக் கண்டறிந்த மேதைகளை உலகம் நன்கறியும். அவர்தம் ஆய்வுக்குப் பெருந்துணையாய் அமைந்த ஒரு பெண்மணியையோ உலகம் நெடுங்காலம் அறியவில்லை. அவரே ஃபேனி ஹெஸ்ஸே அம்மையார்.

இவர் 1850ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். ஜாவா எனப்படும் சாவகத் தீவில் வாழ்ந்து, பின்னர் நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர் வாயிலாக ஒரு சமையல் நுட்பத்தை அறிந்தார். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் என்னும் பொருளை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டால், அது கட்டியாக உறையும்; வெயில் காலத்திலும் இளகாது. நோன்புக் காலத்தில் தமிழ் இசுலாமியர் இல்லங்களில் செய்யப்படும் கடற்பாசி இனிப்பும் இப்பொருளால் ஆனதே.

ஃபேனி 1874ஆம் ஆண்டு வால்தர் ஹெஸ்ஸே என்னும் ஜெர்மானிய மருத்துவரை மணந்து, ஜெர்மனியில் வாழ்ந்தார். மூன்று ஆண்மக்களை வளர்த்ததோடு, கணவரின் ஆய்வுக்கும் ஊதியமின்றித் துணைபுரிந்தார். நுண்ணோக்கியில் கண்டவற்றை வண்ண ஓவியங்களாகத் தீட்டித் தந்தார்.

1881ஆம் ஆண்டு வால்தர், இராபர்ட் கோக் என்னும் அறிஞரின் பெர்லின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றச் சென்றார். அக்காலத்தில் நுண்ணுயிர்களை ஜெலட்டின் மீது வளர்த்தனர். நோய் நுண்ணுயிர்கள் பல, மனித உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் செழித்து வளர்வன. ஜெலட்டினோ அவ்வெப்பத்தில் உருகிவிடும். சில நுண்ணுயிர்கள் அதைக் கரைத்தும் விடும். இதனால் ஆய்வு அடிக்கடி பாழாயிற்று.

சோர்வுற்ற வால்தருக்குத் தம் வீட்டு இனிப்பு வெயிலிலும் உருகாதிருப்பது வியப்பளித்தது. அதன் காரணத்தை மனைவியிடம் வினவினார். ஃபேனி அகரைப் பற்றி எடுத்துரைத்து, ஆய்வுக்கும் அதனையே பயன்படுத்துமாறு கூறினார். உறைந்த அகர் ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வரை உருகாது. பெரும்பாலான நுண்ணுயிர்களால் அதனைக் கரைக்கவும் இயலாது. ஆய்வுக்கு ஏற்ற தளம் கிடைத்தது!

வால்தர் இச்செய்தியைக் கோக்கிற்குத் தெரிவித்தார். காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் 1882இல் வெளியிட்ட அறிக்கையில் அகரின் பெயர் இடம்பெற்றது. ஹெஸ்ஸே இணையரின் பெயர் இடம்பெறவில்லை. அவர்கள் இக்கண்டுபிடிப்பால் பொருள் ஈட்டவுமில்லை.

1911இல் கணவரை இழந்த அம்மையார், 1934ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் மறைந்தார். ஐந்தாண்டுகள் கழித்து அறிஞர் இருவர் வெளியிட்ட கட்டுரை, அவரது பங்களிப்பை உலகறியச் செய்தது.

நோயாளியின் உடலில் உள்ள கிருமி எது என அறிய, மருத்துவ ஆய்வுக்கூடங்கள் இன்றும் அகர்த் தட்டையே நாடுகின்றன. அடுப்பங்கரையில் பெற்ற அறிவும் அறிவியலே என்பதற்கு அத்தட்டு சான்றாகும்.

சொற்பொருள்
நுண்ணோக்கி – கண்ணுக்குப் புலப்படாதவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
பாகை – வெப்ப அளவு
இணையர் – கணவன் மனைவியர்

வினாக்கள்
1. ஜெலட்டினால் ஆய்வுக்கு நேர்ந்த இடையூறுகள் யாவை?
2. அகரைப் பற்றிய அறிவு ஃபேனிக்கு எவ்வாறு கிட்டியது?
3. உம் வீட்டுப் பெரியோரிடம் சமையல் நுட்பம் ஒன்றைக் கேட்டறிந்து, அதன் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.