சிற்றூர்களின் கணக்காய்வாளர்

ஒரு நாட்டின் வரவு செலவுக் கணக்கில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. பணம் எவ்வளவு வந்தது என்பது ஒன்று. அது யாரிடமிருந்து வந்து யாருக்குச் சென்றது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை கூறுவோர் பலர். இரண்டாம் வினாவை வாழ்நாள் முழுவதும் விடாது கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா.

இளமையும் கல்வியும்

ஜோசப் செல்லத்துரை 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். கார்னீலியஸ் என்பது அன்று அக்குடும்பத்தார் வழங்கிய பெயர். இளைஞர் செல்லத்துரை இலண்டன் சென்று கணக்கியலும் தணிக்கையும் கற்றுத் தேர்ந்தார். அங்கேயே பணியும் புரிந்தார். அன்னையின் விருப்பத்திற்கிணங்கி 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேலைநாட்டு உடையும் பழக்கங்களும் வாய்ந்த அவர்க்கு ஆங்கில ஆட்சியின்மீது அப்போது குறையேதும் தோன்றவில்லை.

வாழ்வைத் திருப்பிய ஆய்வு

1927இல் அவர் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்றபின், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பற்றிய ஆய்வை மேற்கொண்டார். அக்காலத்தில் தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றி உரையாற்றினார். அவ்வுரை பற்றிய செய்தி நாளிதழில் வெளியாயிற்று. வரியியலில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் எட்வின் செலிக்மன் அதனைப் படித்து, அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு தம் மாணவரை ஊக்கினார்.

ஆங்கில அரசின் நிதி ஆவணங்களை ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. வரியின் பெருஞ்சுமை ஏழை உழவர்மீது விழுந்தது. திரட்டிய பணமோ படைச்செலவுக்கும், உயர் அலுவலர் ஊதியத்திற்கும், கடனுக்கான வட்டிக்கும் சென்றது. அதில் ஒரு பகுதி கடல்கடந்து இங்கிலாந்தை அடைந்தது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சியது சிறிதே. மக்களின் சோம்பலோ தலைவிதியோ வறுமைக்குக் காரணமன்று. அரசின் நிதி அமைப்பே காரணம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

பிறர் சொல் கேட்டு மாறியவர் அல்லர் அவர். தம் கையால் கூட்டிக் கழித்த எண்களே அவரை மாற்றின. முன்னோர் வழிப்பெயராகிய குமரப்பா என்பதை ஏற்றார். பம்பாய் திரும்பியபின், ஆய்வேட்டை வெளியிட விரும்பிக் காந்தியடிகளைக் காணச் சென்றார்.

சபர்மதியில் ஒரு சந்திப்பு

1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா அவரைப் பார்த்தவாறு நின்றார். சிறிது நேரத்தில் முதியவர் கடிகாரத்தைப் பார்த்து, வந்தவர் குமரப்பாதானா என்று வினவியபோதுதான், அவரே காந்தியடிகள் என்பது விளங்கிற்று. மேலைநாட்டு உடையணிந்திருந்த குமரப்பா அந்தத் தரையிலேயே அமர்ந்தார். ஆய்வேட்டைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட அடிகள் இசைந்தார். ஊர்களுக்கே சென்று மக்களின் பொருள்நிலையை ஆராயும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார்.

குசராத் வித்தியாபீட மாணவர்களுடன் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் குமரப்பா ஊர் ஊராகச் சென்றார். 54 சிற்றூர்களில் மக்களின் நிலம், வருவாய், வரி, கடன் ஆகியவை கணக்கெடுக்கப்பட்டன. நூலகத்தில் கண்ட உண்மையை இப்போது உழவரின் வீட்டுத் திண்ணையில் கண்டார். இந்தியாவில் முறையாக நடத்தப்பெற்ற தொடக்கக்கால ஊர்ப் பொருளாதார ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

இந்தியாவின் பொதுக்கடனை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவிற்கு அவர் அமைப்பாளராக விளங்கினார். இந்திய மக்களின் நலனுக்காக அன்றி ஆங்கில அரசு நடத்திய போர்களின் செலவை இந்தியர் தலையில் சுமத்துவது முறையன்று என 1931இல் அக்குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டமைக்காக அவர் பலமுறை சிறை சென்றார்.

கணக்கில் வளையாமை

1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தது. துயர்நீக்க நிதியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் இருந்தது. காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு வந்தபோது, அவர்தம் செலவை அந்நிதியிலிருந்து தர அவர் இசையவில்லை. அப்பணம் வீடிழந்தோர்க்கு உரியது என்பதே அவர் கூறிய காரணம். அடிகள் சினங்கொள்ளவில்லை, அந்நேர்மையைப் பாராட்டினார். அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பெற்றபோது அதனை வழிநடத்தும் பொறுப்பும் குமரப்பாவையே வந்தடைந்தது.

வார்தா நகரின் மகன்வாடியில் செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்யும் தாள், தேனீ வளர்ப்பு ஆகியவை ஆராயப்பட்டன. எள் ஊரிலேயே செக்கில் ஆட்டப்பட்டால் எண்ணெய் ஊர்மக்களுக்கும், பிண்ணாக்கு மாட்டிற்கும், கூலி ஊர்த் தொழிலாளிக்கும் கிடைக்கும். அதே எள் ஆலைக்குச் சென்றால் இம்மூன்றும் ஊரை விட்டு நீங்கும். எண்ணெயின் விலை குறைந்ததா என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கே என்பது அவர் கருத்து.

நிலைத்த பொருளியல்

1942ஆம் ஆண்டு இயக்கத்தைத் தொடர்ந்து ஜபல்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தபோது, நிலைத்த பொருளியல் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். இயற்கைச் செல்வத்தை அவர் இரண்டாகப் பகுத்தார். நிலக்கரி, கல்லெண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கத் தீர்பவை. மழை, காடு, ஓடும் நீர் போன்றவை மீண்டும் மீண்டும் கிடைப்பவை. தீர்ந்துபோகும் செல்வத்தின்மீது வாழ்வை அமைத்தால் அதற்கான போட்டி போரில் முடியும் என அவர் எச்சரித்தார்.

புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். பேராறு பாயாத அம்மண்ணில் முன்னோர் வெட்டிய கண்மாய்கள் மழைதோறும் நிரம்பி வயலுக்கு உதவுகின்றன. ஆழ்துளைக் கிணறோ, நிலத்தடி நீர் ஊறும் அளவை மீறி இறைக்கப்படின் ஆண்டுதோறும் இன்னும் ஆழத்தைத் தேடுகிறது. முன்னது வட்டியில் வாழ்வது. பின்னது முதலைக் கரைப்பது.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்ற நாட்டில் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராகக் குமரப்பா பணியாற்றினார். உழுபவர்க்கும் அரசுக்கும் இடைப்பட்டோர் நீங்க வேண்டும், நிலவுடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. ஆயினும், பெருந்தொழில்களால் நாட்டை விரைந்து வளர்க்கலாம் என்னும் எண்ணமே அன்று ஓங்கி நின்றது. வறுமையை விரைவில் நீக்கும் ஆர்வம் அவ்வெண்ணத்திலும் இருந்தது. எனினும் குமரப்பா தம் கருத்தைத் தளர்த்தவில்லை. நண்பர்களாகிய தலைவர்களோடு கருத்து வேறுபட்டார், தனிமையையும் ஏற்றார்.

இறுதி ஆண்டுகளை மதுரைப் பகுதியிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அவருடைய எளிய குடிலில் ஓர் ஏழை உழவரின் படம் இருந்தது. காந்தியடிகள் தம் தலைவர்; அவ்வுழவரோ தலைவருக்கும் தலைவர் என்று வந்தோர்க்கு அவர் விளக்குவார். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா இயற்கை எய்தினார்.

அவர் கேட்ட வினா அவரோடு மறையவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கல் உடைக்கும் கூலிகளாக இருந்த பெண்கள் குழுவாக இணைந்து, அரசிடமிருந்து தாங்களே கற்சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தனர். பாறையும் சம்மட்டியும் பழையனவே. உழைப்பின் பயன் சென்று சேரும் இடம் மட்டுமே மாறிற்று. அம்மாற்றம் எத்துணைப் பெரியது என்பதைப் பேரேட்டைத் திறந்து பார்த்தவர் அறிவர். பணம் யாரிடமிருந்து வந்து யாருக்குச் செல்கிறது என்று கேட்கப் பழகுவதே குமரப்பாவைக் கற்பதன் பயனாகும்.