கதவு திறந்தபோது முன்னே நின்றவர்: துவாரகநாத் தாகூர்

இந்தியப் பொருளாதாரத்தின் கதவுகள் 1991-ஆம் ஆண்டில்தான் திறந்துவிடப்பட்டன என்பது பொதுவான கருத்து. ஆனால், அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே வங்கத்தில் ஒரு கதவு திறந்தது. அதன் வழியே முதலில் நுழைந்தவர்களில் முக்கியமானவர் துவாரகநாத் தாகூர். கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் என்றே இன்று அறியப்படும் அவர், தமது காலத்தில் கொல்கத்தாவின் முதன்மையான இந்தியத் தொழிலதிபராக விளங்கியவர்.

1794-இல் பிறந்த துவாரகநாத்தை, குழந்தையில்லாத அவரது பெரியப்பா ராம்லோசன் தத்தெடுத்துக்கொண்டார். 1807-இல் அவரும் மறைந்துவிடவே, ஜமீன் சொத்துகளின் பொறுப்பு இளம் வயதிலேயே துவாரகநாத்தின் தலையில் விழுந்தது. பாரசீகமும் ஆங்கிலமும் கற்ற அவர், நிலவரிச் சட்டங்களையும் கரைத்துக் குடித்தார். 1793-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டப்படி, உரிய நாளில் வரி கட்டத் தவறிய ஜமீன் ஏலத்துக்கு வந்துவிடும். இதனால் ஜமீன்தார்கள் சட்ட ஆலோசனைக்காக அவரை நாடினர். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உப்பு, அபினி வாரியத்தில் திவானாகவும் பணியாற்றினார்.

ஏகபோகத்தின் முடிவு: இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோக உரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1813-இல் ரத்து செய்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் வணிக நடவடிக்கைகளுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. தனியாருக்குச் சந்தை திறந்தது. ஆனால், அதே காலத்தில் கொல்கத்தாவின் பெரிய ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. 1830-இல் பாமர் நிறுவனத்தில் தொடங்கிய சரிவு 1834 வரை நீடித்தது. அவுரிச் சாகுபடிக்கு அளவின்றிக் கொடுக்கப்பட்ட கடன் இதற்கு முக்கியக் காரணம்.

மற்றவர்கள் பின்வாங்கிய வேளையில் துவாரகநாத் முன்னே வந்தார். 1834-இல் அரசுப் பணியைத் துறந்து, வில்லியம் காருடன் இணைந்து 'கார், தாகூர் அண்டு கம்பெனி'யைத் தொடங்கினார். அதுவரை வங்க வணிகர்கள், சென்னையின் துபாஷிகளைப் போல, ஐரோப்பியர்களுக்குப் பணமும் ஆளும் திரட்டித் தரும் இடைத்தரகர்களாகவே பெரும்பாலும் இருந்தனர். இந்த நிறுவனத்தில் இந்தியர் சம பங்காளியாக அமர்ந்தார்.

நிலக்கரியும் நீராவியும்: திவாலான அலெக்சாண்டர் நிறுவனத்துக்குச் சொந்தமான ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை 1836-இல் ரூ.70 ஆயிரத்துக்கு வாங்கினார். நீராவிக் கப்பல்கள் பெருகிவந்த காலம் அது. அவற்றுக்கு நிலக்கரி தேவை என்பதை அவர் கணித்திருந்தார். ஹூக்ளி ஆற்றில் கப்பல்களை இழுத்துச் செல்லும் நீராவிப் படகு நிறுவனம், அசாம் தேயிலை முயற்சி என அடுத்தடுத்துக் கால் பதித்தார். போட்டியாளருடன் இணைந்து 1843-இல் பெங்கால் நிலக்கரி நிறுவனம் உருவானது. சுரங்கப் பகுதிக்கு ரயில் பாதை அமைக்கவும் அவரது நிறுவனம் திட்டமிட்டது.

இந்தச் செல்வத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. சீனாவுக்கு அபினி ஏற்றிச் சென்ற கப்பலில் அவருக்குப் பங்கு இருந்தது. அவுரித் தோட்ட முதலாளிகளால் நாட்டுக்கு நன்மையே என்று பொது மேடையில் வாதிட்டார். அதே முதலாளிகளின் கொடுமைக்கு எதிராக வங்க விவசாயிகள் 1859-இல் கிளர்ந்தெழுந்தனர். மறுபுறம், ராஜா ராம்மோகன் ராயின் நண்பராக உடன்கட்டை ஏறுதல் ஒழிப்புக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் துணை நின்றவரும் அவரே.

1842-இல் சொந்தக் கப்பலில் இங்கிலாந்து சென்றார். விக்டோரியா மகாராணி அவரை வரவேற்றார். 1845-இல் மீண்டும் சென்றபோது மருத்துவ மாணவர்களையும் உடன் அழைத்துச் சென்றார். 1846 ஆகஸ்ட் 1-ஆம் தேதி லண்டனில் காலமானார்.

சரிந்த கோட்டை: அவர் 1829-இல் தொடங்கக் காரணமாக இருந்த யூனியன் வங்கி, இரண்டே ஆண்டுகளில் வீழ்ந்தது. இயக்குநர்களே தங்கள் நிறுவனங்களுக்குக் கடன் வழங்கிக்கொண்டதும், அவுரியை நம்பிப் பணத்தை முடக்கியதும் வங்கியின் உள்நோய். 1847-இல் லண்டனில் ஏற்பட்ட நிதி நெருக்கடி இறுதி அடியாக அமைந்தது. 1848 தொடக்கத்தில் கார், தாகூர் நிறுவனமும் மூடப்பட்டது. பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு விதிக்கும் சட்டம் அன்று இந்தியாவில் இல்லை. அது 1857-இல்தான் வந்தது. ஆகவே, கடன் நேராகக் குடும்பத்தின் மீது இறங்கியது.

மகன்களுக்காகச் சில ஜமீன்களை துவாரகநாத் 1840-லேயே அறக்கட்டளையில் பாதுகாத்து வைத்திருந்தார். கடன்காரர்கள் அவற்றைத் தொட முடியாது. ஆயினும், மூத்த மகன் தேவேந்திரநாத் அவற்றையும் ஒப்படைக்க முன்வந்தார். அந்த நேர்மையைக் கண்ட கடன்காரர்கள் கால அவகாசம் அளித்தனர். பல ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து அவர் கடனை அடைத்தார்.

1855-இல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ரயில் ஓடியது. துவாரகநாத்தின் கணிப்பு தவறவில்லை. ஆனால், அதன் பலன் ஆங்கிலேய நிறுவனத்துக்குச் சென்றது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வங்கத்தின் பெருந்தொழில்கள் ஐரோப்பியர் கைகளிலேயே இருந்தன.

1813, 1833 சட்டங்கள் இயற்றப்பட்ட அவையில் இந்தியருக்கு ஓர் இடம்கூட இல்லை. 1991 ஜூலையில் புதிய தொழில் கொள்கையும் நிதிநிலை அறிக்கையும் முன்வைக்கப்பட்டது, மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தில். இது பெரிய வேறுபாடு. ஆனால், வங்கியை நடத்துபவரே கடனும் பெற்றால் என்ன நேரும், ஒரே விளைபொருளை நம்பிக் கடன் கொடுத்தால் என்ன நேரும் என்ற கேள்விகளுக்கு 1848-இல் கொல்கத்தாவில் கிடைத்த விடை இன்றும் மாறவில்லை.